பகல் 12:59

மணியையும் நிமிஷத்தையும் அடித்துச் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் வாட்சை வாங்கி லாக்கரில் பூட்டி வைப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சேகரிப்பாளர் தன் வாட்சின் ஃபேக்டரி சீலை, அதாவது கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறையை, பத்து வருஷமாகப் பிரிக்கவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். பிரித்தால் ஏலத்தில் விலை இறங்குமாம். அவர் கணக்கு சரிதான். 2016இல் ஜெனீவாவில் சுவிஸ் கம்பெனியான படேக் பிலிப் எஃகில் செய்த 1518 வாட்ச் ஒன்று சுமார் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. 1941இல் வந்த மாடல் அது. எஃகில் இருப்பதாக அறியப்பட்டவை நாலே நாலு. 2019இல் அதே கம்பெனியின் மணியடிக்கும் வாட்சான கிராண்ட்மாஸ்டர் சைம் 3.1 கோடி ஃபிராங்கைத் தொட்டது. (அந்த ஏலப் பணம் தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்குப் போனதில் எனக்கு நிறைவு.) விலையைப் பற்றி ஊரே பேசியது. சத்தத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

ரிப்பீட்டர் பிறந்ததே இருட்டுக்காக. மின்விளக்கு இல்லாத காலத்தில் நடுராத்திரி விழித்தவர், விளக்கேற்றாமல் காதாலேயே மணி தெரிந்துகொள்ளச் செய்த ஏற்பாடு. உள்ளே இயந்திரத்தைச் சுற்றி வளைத்த இரண்டு எஃகுக் கம்பிகள், இரண்டு குட்டிச் சுத்தியல்கள். கம்பியை அரத்தால் துளித்துளியாக ராவி, காதில் கேட்டுக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கிறார்கள். படேக்கில் ஒவ்வொரு ரிப்பீட்டரையும் தலைவர் தியரி ஸ்டெர்ன் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே வெளியே விடுகிறார்கள். அப்படி வந்ததைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஊமையாக வைப்பதா?

மாதத்துக்கு எத்தனை நாள் என்று தானே அறிந்து தேதி காட்டும் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்சுக்கும் இதே கதிதான். அதற்குள் ஒரு சக்கரம் நாலு வருஷத்துக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும். விளிம்பில் 30 நாள் மாதத்துக்கு ஒரு சின்னப் பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருஷப் பிப்ரவரிக்கு மட்டும் ஒரு இழை ஆழம் குறைவு. பேட்டரி இல்லை, சிப் இல்லை. அந்தப் பள்ளங்களைத் தடவித்தான் வாட்ச் 28, 29, 30 என்று அறிகிறது. சாவி கொடுக்காமல் போட்டால் நின்றுவிடும். வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே எண்ணெயும் காய்ந்துபோகும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தன் ரிப்பீட்டரைத் தினமும் கட்டுகிறார். வாட்சின் கூட்டில் கீறல்கூட இருக்கிறது. ஒருநாள் அவர் வீட்டில் இலை போட்டாயிற்று. "இருங்க தம்பி, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். சரியாக 12:59க்குப் பக்கவாட்டு நெம்புகோலை மேலே தள்ளிவிட்டு, வாட்சை என் காதருகே கொண்டுவந்தார்.

கனத்த குரலில் பன்னிரண்டு அடி. பிறகு 'டிங்-டாங்' என்று மூன்று ஜோடி. அது முக்கால் மணி. கடைசியில் மிச்ச நிமிஷங்களுக்கு மெல்லிய குரலில் பதினாலு. மொத்தம் 32 அடி. ரிப்பீட்டர் அடிப்பதிலேயே நீளமானது இதுதான். அடி முடிந்தும் கம்பியின் ரீங்காரம் கொஞ்ச நேரம் காதிலேயே நின்றது. அடுக்களையில் பாத்திரச் சத்தம்கூட நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மணி ஒன்று ஆனதும் மறுபடி நெம்புகோலைத் தள்ளினார்.

ஒரே ஒரு அடி.

"இப்ப சாப்பிடலாம்" என்றார்.