ஒரு வடிகால் போதும்

அமெரிக்காவில் புளோரிடாவின் லாடர்ஹில் பூங்கா கிரிக்கெட் அரங்கம் பற்றிப் படித்ததும், 2016இல் அங்கே நடந்த இந்தியா-மேற்கிந்தியத் தீவுகள் டி20 ஆட்டம் ஞாபகம் வந்தது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு ஒட்டுக்கடையில் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். இந்தியா 246 ஓட்டம் எடுத்தால் வெற்றி. கடைசிப் பந்தில் இரண்டு வேண்டும், தோனி பிடி கொடுத்துவிட்டார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு ஓட்டத்தில் வெற்றி. கடையே அமைதியாகிவிட்டது.

அந்த அரங்கம் இருப்பது ஊர்மக்கள் நடக்க வரும் பொதுப் பூங்காவில், காற்பந்தும் நடக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. அங்கேயே 2024 டி20 உலகக் கிண்ணத்தில் இந்தியா-கனடா ஆட்டம் திடல் ஈரத்தால் ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்டதே! எங்கள் தோட்டத்துத் திடலிலும் அதே கதைதான். ஒரு மழை பெய்தால் கோயில் பக்க மூலையில் நாலு நாள் தண்ணீர் நிற்கும். பையன்கள் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தோடு செம்பனை ஓரத்துச் செம்மண் பாதையில் ஆடுகிறார்கள். அரங்கம் வேண்டாம், முதலில் அந்த மூலைக்கு ஒரு வடிகால் வெட்டித் தாருங்கள்.