எக்ஸெல்லில் டேட்டா வந்தால் போதுமா?

சிறு நிறுவனங்கள் ஒரே கம்பெனியின் லோ-கோட் தளத்தில் (கோடு அதிகம் எழுதாமல், திரையில் இழுத்துப் போட்டே ஆப் செய்யும் தளம்) ஆப் செய்துகொள்ளலாம், வேண்டாம் என்றால் டேட்டாவை எக்ஸெல்லில் இறக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்கிறார் லோ-கோட் பற்றிய ஒரு கட்டுரையை எழுதியவர். டேட்டா வரும், சரி. கணக்கு விதிகள் வருமா? மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுப்பவன் என்பதால் கேட்கிறேன். எந்தக் கடைக்காரருக்கு எத்தனை நாள் கடன், மூட்டைக்கு எவ்வளவு கழிவு, பழைய பாக்கி நிற்கும்போது புதுச் சரக்கு போடலாமா, இதெல்லாம் அந்தத் தளத்துக்குள்ளேயே இழுத்துப் போட்டுச் செய்தது. வேறு இடத்துக்குப் போனால் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

இன்னொன்று. விஷுவல் பேசிக் 6 என்ற பழைய புரோகிராமிங் மென்பொருளுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் அதில் செய்த பில்லிங் புரோகிராம் எங்கள் பக்கம் சில கடைகளில் இன்னும் ஓடுகிறது (பார்க்க அழகாக இருக்காது, அது வேறு கதை). புரோகிராம் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, விண்டோஸும் அதை ஓடவிடுகிறது. கம்பெனியின் சர்வரிலேயே ஓடும் கிளவுட் தளத்தில் இதற்கு வழியில்லை. 2021 ஜனவரியில் கூகுள் ஆப் மேக்கர் என்ற தன் லோ-கோட் தளத்தை மூடியபோது அதில் செய்த ஆப்களும் அதோடு நின்றன. ஆப்களுக்கு சர்வர் வசதி தந்துவந்த, ஃபேஸ்புக் வாங்கிய பார்ஸ் 2017-ல் மூடப்பட்டபோது தப்பித்தவர்கள் உண்டு. சர்வர் கோடை யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளும்படி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டு, மாறிக்கொள்ள ஓராண்டு அவகாசமும் கொடுத்தார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படிக் கொடுக்குமா?

லோ-கோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம் மாதிரி வேலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பில்லிங், ஸ்டாக் இரண்டையும், அவற்றின் விதிகளோடு, போஸ்ட்கிரெஸ் மாதிரி எந்த சர்வரிலும் நிறுவக்கூடிய டேட்டாபேஸில் வைத்துவிட்டு, திரைகளை மட்டும் அந்தத் தளத்தில் செய்யுங்கள்.