'ஹெல்லா'வுக்கு 'வெரி' என்று பொருள் சொன்னால் பாதிதான் சரி

ஆங்கிலக் கொச்சைச் சொற்களைச் சொல்லித் தருகிறவர்கள் 'ஹெல்லா' என்றால் 'வெரி' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். 'தட் மூவி வாஸ் ஹெல்லா குட்' என்பதற்கு அது போதும். 'தேர் வேர் ஹெல்லா பீப்பிள்' என்றால்? ஆங்கிலத்தில் 'வெரி பீப்பிள்' கிடையாது. 'ஐ ஹெல்லா லைக் இட்' என்று வினைக்கு முன்னாலும் வரும். அங்கே 'ஐ வெரி லைக் இட்' என்று போட்டால் தப்பு.

இதற்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: ரொம்ப. ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப பேர் வந்தாங்க, ரொம்ப காசு, ரொம்பப் பிடிக்கும். ஹெல்லாவும் இந்த எல்லா இடத்திலும் பொருந்தும். 'மெனி'யா 'மச்'சா என்று யோசிக்கவும் வேண்டாம். ஹெல்லா பீப்பிள், ஹெல்லா மணி, இரண்டும் சரி.

தொனி மட்டும் 'செம'. நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். 'செம கூட்டம்' அளவைச் சொல்கிறது, 'செம படம்' தரத்தைச் சொல்கிறது. ஹெல்லா நேராகப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் அளவு மட்டும்தான். 'ஹெல்லா மூவீஸ்' என்றால் ஏகப்பட்ட படங்கள். செம படம் என்று சொல்ல நடுவில் 'குட்' வேண்டும், 'எ ஹெல்லா குட் மூவி'. அல்லது 'எ ஹெல் ஆஃப் எ மூவி'.

சொல்லின் சொந்த ஊர் வட கலிஃபோர்னியா, அதாவது சான்ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட் வட்டாரம். இன்று அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்தாலும், லாஸ் ஏஞ்சலஸில் வாய் தவறி வந்தால் 'வடக்கத்தி ஆளா?' என்று கேட்பார்கள். அந்த ஊர்ப் பாசம் சாதாரணமானதில்லை. கிலோ, மெகா மாதிரி, 1-க்குப் பின் 27 சுழியம் கொண்ட எண்ணைக் குறிக்கும் முன்னொட்டுக்கு 'ஹெல்லா' என்று பெயர் வைக்கச் சொல்லி 2010-இல் வட கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஓர் இயற்பியல் மாணவர் இயக்கமே நடத்தினார். பூமியின் நிறை ஏறத்தாழ 6 ஹெல்லாகிராம்! அதே ஆண்டு கூகுள் கால்குலேட்டர் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2022-இல் அதிகாரபூர்வமாக வந்த பெயர் 'ரோன்னா'. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேர்முகத் தேர்விலும் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் வேண்டாம். சொல்லுக்குள் 'ஹெல்' (நரகம்) கேட்பதால் சின்னப் பிள்ளைகள் சொன்னால் பெரியவர்கள் அதட்டுவதுண்டு. அதனால் பிள்ளைகள் வாயில் அது 'ஹெக்கா'.