ஜனவரி 1-ஆம் தேதி கைமாறும் பட்டியல்

"பாகிஸ்தானோடு நமக்கு என்ன பேச்சு?" என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்கு ஜனவரி 1-ஆம் தேதிதான் நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே சமயத்தில் ஒரு பட்டியல் கைமாறுகிறது. எங்கள் அணுசக்தி நிலையங்கள் இவை, இவற்றை நீங்கள் தாக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதிக் கொடுக்கிற பட்டியல். 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத் போயிருந்தபோது கையெழுத்தான ஒப்பந்தம் இது. அப்போது அங்கே பிரதமர் பெனசீர் புட்டோ. முதல் பட்டியல் 1992-இல் கைமாறியது. அப்புறம் கார்கில் போர் வந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து, 2002 பிறந்தபோது இரண்டு ராணுவங்களும் எல்லையில் குவிந்து நின்றன. அன்றைக்கும் பட்டியல் போனது. மும்பைத் தாக்குதல் முடிந்து ஐந்து வாரம்கூட ஆகாத 2009 ஜனவரியிலும் போனது.

பஹல்காமில் 26 பேரைக் கொன்றவர்கள் மீது எனக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் 2025 மே மாதச் சண்டை எப்படி நின்றது? மே 10 பிற்பகல் 3.35-க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம்முடைய இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை 5 மணியிலிருந்து சண்டை நிறுத்தம். சண்டையை நிறுத்திய பெருமை யாருக்கு என்ற வாதம் இன்னும் ஓடுகிறது, அது ஓடட்டும். அந்தத் தொலைபேசித் தொடர்பை யாரும் அறுத்துப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 2021 பிப்ரவரியில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் இதே இரண்டு அலுவலகங்கள் பேசியதால்தான். அதன் பிறகு எல்லையோர விவசாயிகள் பயமில்லாமல் வயலுக்குப் போனார்கள்.

இன்னொரு பட்டியலும் உண்டு. 2008 ஒப்பந்தப்படி ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இருமுறை, தங்கள் சிறையில் இருக்கும் எதிர்நாட்டுக் கைதிகளின் பெயர்களை இரண்டு பக்கமும் கொடுக்கும். சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1 அன்று பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் நம்முடைய மீனவர்கள் 193 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் குஜராத், டையூ பக்கத்துக்காரர்கள். கடலில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பிடிபடுவது என்றால் என்னவென்று ராமேஸ்வரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், குடியுரிமை உறுதியாகவில்லை என்று பலர் உள்ளேயே கிடக்கிறார்கள். படகும் திரும்பி வருவதில்லை.

இவர்களுக்காகவே 2007-இல் இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட குழு ஒன்று அமைந்தது. சிறைகளுக்கு நேரில் போய்க் கைதிகளைப் பார்த்தார்கள். பாகிஸ்தானுக்குக் கடைசியாக 2013 அக்டோபரில் போனார்கள். அதோடு நின்றுவிட்டது. சிந்து நதி, காஷ்மீர் எல்லாம் பெரிய விஷயங்கள், நாளையே தீராது, சரி. ஆனால் இந்தக் குழுவை மறுபடி அனுப்புவதற்கு எந்தப் பிரதமரும் யாருடைய கையையும் குலுக்க வேண்டியதில்லை. அடுத்த பட்டியல் கைமாறும் முன்பு அந்த நீதிபதிகளை அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.