கொடியோடு உரிமைகளும் போகவில்லை

"அமெரிக்கக் கொடி ஏறிய இடமெல்லாம் அதன் அரசியல் சாசன உரிமைகளும் முழுமையாகப் போய்ச் சேர்ந்தன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

ஸ்பெயினுடன் நடந்த 1898 போருக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுப் பகுதிகள் மூன்றும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. அங்குள்ள மக்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழங்களுக்கு விதித்த வரியைப் பற்றிய வழக்கில்தான் பெரிதாக வெடித்தது. 1901இல் வந்த டௌன்ஸ் எதிர் பிட்வெல் தீர்ப்பு அது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் வரி விஷயத்தில் அமெரிக்காவின் பகுதி அல்ல என்றது நீதிமன்றம். அப்புறம் 1904இல், பிலிப்பைன்ஸில் ஜூரி விசாரணை (பொதுமக்களிலிருந்து தேர்ந்த குழு தீர்ப்பு சொல்லும் முறை) கட்டாயமில்லை என்றும் தீர்ப்பு வந்தது.

சரி, குடியுரிமை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகவில்லை. போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917இலேயே குடியுரிமை கிடைத்தது. ஆனாலும் அவதூறு வழக்கில் சிக்கிய பத்திரிகை ஆசிரியர் பால்சாக், ஜூரி விசாரணை கேட்டபோது 1922இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடிப்படை உரிமைகள் மட்டும் தாமாகவே பொருந்தும், ஜூரி அதில் சேராது என்பதே அதன் வாதம். எது அடிப்படை என்பதை ஆளப்படும் மக்கள் முடிவு செய்யவில்லை. எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது.

பழைய கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. அமெரிக்கா ஆளும் பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவில் பிறப்பவர்களுக்கு இன்றும் பிறப்பால் குடியுரிமை கிடையாது. போர்ட்டோ ரிக்கோவில் வாழ்பவர்கள் அங்கிருந்தபடி அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கோர்சச் இந்தப் பழைய தீர்ப்புகளைத் தூக்கியெறிய வேண்டும் என்று எழுதினார். அவை இன்னும் ரத்தாகவில்லை.