பாலத்தடியில் டேக் அவுட்

(கோடஞ்சேரி, கோழிக்கோடு மாவட்டம். ஜூலை மழை. மழை ஆற்றில் கயாக் என்கிற ஒல்லிப் படகு விடுகிறவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய. அவர்களை மேலே இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கீழே போகிறவர் பக்கமும் ஒன்று இருக்கட்டும்.)

கார்த்தி: எங்கே போனீர்கள் மச்சான்? ஒரு மணி நேரமாக நனைந்த கோழி மாதிரி நிற்கிறேன். கூட வந்த பையன்கள்கூட ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

பழனிச்சாமி: நீங்கள் சொன்ன இடத்தில்தான் மாப்பிள்ளை. டேக் அவுட்.

கார்த்தி: டேக் அவுட்டில் நான் அல்லவா நிற்கிறேன்?

பழனிச்சாமி: நான் நின்ற டேக் அவுட்டில் பன்னிரண்டு பரோட்டா, ஒரு கடலைக் கறி. கட்டி வாங்கியாகிவிட்டது.

கார்த்தி: பரோட்டாவா?

பழனிச்சாமி: பாலத்தடியில் டேக் அவுட் என்றீர்கள். பாலத்தடியில் ஒரே ஒரு கடை. வாசலிலேயே பார்சல் போர்டு. நான் வேறு எங்கே போய் நிற்பது?

கார்த்தி: கயாக்கில் டேக் அவுட் என்றால் கரையேறுகிற இடம். ஆற்றில் இறங்குகிற இடம் புட் இன்.

பழனிச்சாமி: 'கரையேறுகிற இடம்.' இப்போது மட்டும் தமிழ் அருவி மாதிரி கொட்டுகிறதே. காலையில் ஏன் தொண்டை கட்டிக்கொண்டது?

கார்த்தி: போனாவது செய்திருக்கலாம்.

பழனிச்சாமி: செய்தேன். உங்கள் போன் என் பாக்கெட்டிலேயே அடித்தது. நனைந்துவிடும் என்று கொடுத்தது யார்?

கார்த்தி: சரி, விடுங்கள். மேலே அந்த வளைவில் காரை நிறுத்திவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்களே. பையன்களைப் பார்த்து 'எடி, எடி' என்று கத்தினேன். கேட்டதா?

பழனிச்சாமி: எனக்கு மட்டுமா கேட்டது? கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சேச்சிக்கும் கேட்டது. மலையாளத்தில் 'எடீ' என்றால் என்ன தெரியுமா? 'அடியே'!

கார்த்தி: ஐயையோ. எடி என்றால் அது இல்லை மச்சான். பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கிச் சுழலும். ஆறு பாய்ந்துகொண்டே இருக்கும், அந்த இடம் மட்டும் அடங்கி நிற்கும். படகை அதற்குள் சொருகி மூச்சு வாங்கலாம்.

பழனிச்சாமி: அப்படியென்றால் ஆற்றுக்குள்ளேயும் பஸ் ஸ்டாப் இருக்கிறது. நல்லது. இதைச் சேச்சியிடம் யார் சொல்வது? இடுப்பில் பாவாடை கட்டிக்கொண்டு ஒருத்தன் தலைகீழாகத் தண்ணீரில் போகிறான், மேலே வரும்போதெல்லாம் அடியே அடியே என்கிறான். 'ஆராணு அது?' என்று கேட்டார். நமக்குச் சொந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கார்த்தி: அது பாவாடை இல்லை, ஸ்ப்ரே ஸ்கர்ட். படகின் வாயை மூடுகிற ரப்பர் துணி. அது இல்லாவிட்டால் இரண்டே அலையில் படகு நிரம்பிவிடும்.

பழனிச்சாமி: ஸ்கர்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

கார்த்தி: ...

பழனிச்சாமி: சரி. அந்தத் தலைகீழ்?

கார்த்தி: அதற்குப் பெயர் ரோல். கவிழ்ந்தால் துடுப்பால் தண்ணீரை அழுத்தி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர வேண்டும்.

பழனிச்சாமி: எண்ணினேன். மூன்று தடவை நிமிர்ந்தீர்கள். நாலாவது தடவை படகு தனியாகப் போனது, நீங்கள் தனியாகப் போனீர்கள். கிணற்றில் விழுந்த ஆட்டை இழுக்கிற மாதிரி பையன்கள் கயிறு எறிந்து இழுத்தார்கள். அதற்கும் ஒரு பெயர் இருக்குமே?

கார்த்தி: ஸ்விம்.

பழனிச்சாமி: நீச்சல்! எங்கள் ஊரில் அதற்கு 'விழுந்தது' என்று பெயர்.

(கார்த்தி ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். அரை லிட்டர் தண்ணீர் கொட்டியது. அதில் ஒரு தவளைக்குஞ்சும் இருந்ததாகப் பழனிச்சாமி பிறகு ஊரில் சொன்னார். நான் நம்பவில்லை.)

கார்த்தி: கிண்டல் பண்ணாதீர்கள். எல்லோருக்கும் ரிஷிகேஷ்தான் தெரியும். இந்தச் சாலிப்புழையை யாருக்குத் தெரியும்? ஓடுகிற தண்ணீர் எவ்வளவு கடினம் என்பதற்குக் கிரேடு ஒன்றிலிருந்து ஆறு வரை உண்டு, இன்றைக்கு இந்தத் தண்ணீருக்கு மூன்று. 2013-லிருந்து இங்கே விழாவே நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து போட்டி போடுகிறார்கள். ஜெயித்தால் ரேபிட் ராஜா, ரேபிட் ராணி என்று பட்டம்.

பழனிச்சாமி: ராஜாவுக்கு உண்டு, ராணிக்கு உண்டு. வண்டி ஓட்டுகிறவனுக்கு?

கார்த்தி: அது வந்து...

பழனிச்சாமி: அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டியவருக்கு இதே கேரளத்தில், ஆறன்முளையில் கோயில் கட்டி, அவருக்காகப் படகுப் போட்டியே விடுகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து உங்களுக்கு ஓட்டிக்கொண்டு வந்த எனக்கு டீசல் காசு வரவில்லை. அந்த இருபது கிலோ படகைக் காரின் தலையில் ஏற்றிக் கட்டியதும் நான்தான்.

கார்த்தி: தந்துவிடுகிறேன். பசி உயிர் போகிறது, பார்சலைப் பிரியுங்கள்.

பழனிச்சாமி: இருங்கள். காலையில் ஒரு பையன் 'இன்றைக்கு ஸ்ட்ரெய்னர் இருக்கிறது, ஜாக்கிரதை' என்றானே. எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்தேன். இரண்டு இருக்கிறதாம். ஒன்றில் பிடி உடைந்திருக்கிறது.

கார்த்தி: டீ வடிகட்டி இல்லை மச்சான். ஆற்றுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடக்கும். தண்ணீர் கிளைக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வான்.

பழனிச்சாமி: டீ வடிகட்டியேதான். தண்ணீர் போகும், சக்கை நிற்கும்.

கார்த்தி: ஆமாம்.

பழனிச்சாமி: சக்கை யார்?

கார்த்தி: ...

பழனிச்சாமி: என் தங்கச்சியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?

கார்த்தி: போட்டிங் என்று.

பழனிச்சாமி: ஊட்டி ஏரியில் பெடல் மிதிக்கிற போட்டிங். அவள் தொப்பி எடுத்துப்போகச் சொல்லி எனக்கு இரண்டு தடவை போன் செய்தாள்.

கார்த்தி: நாங்கள் அந்த மரத்துக்கு முன்னாலேயே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டோம்.

பழனிச்சாமி: அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மணிக்கு ஆறு பால் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இலையும் சுள்ளியுமாக மிதந்து வருகிறது. மேலே மலையில் நல்ல மழை, இப்படி வந்தால் இந்த ஊர்க்காரன் கால்கூட நனைக்கமாட்டான் என்றார் கடைக்காரர். ரப்பர் தோட்டம் வழியாகக் கரையோரமே மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் இங்கே கரையேறியிருக்கிறீர்கள். இதைப் பாருங்கள்.

(வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். மூன்று அட்டை. ஒன்று குடித்து முடித்து, திராட்சை மாதிரி உருண்டிருந்தது.)

கார்த்தி: ஐயோ, உப்பு வையுங்கள்.

பழனிச்சாமி: வேண்டாம். பார்சல் வாங்கிக்கொண்டு அதுவே இறங்கிவிடும்.

கார்த்தி: சரி, கிளம்பலாம். முன் சீட்டில் யூரியா சாக்கு விரித்திருக்கிறீர்களே, எனக்கா?

பழனிச்சாமி: பரோட்டாவுக்கு. எண்ணெய் ஊறுகிறது.

கார்த்தி: அப்போது நான்?

பழனிச்சாமி: மேலே படகுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. கயிறும் மிச்சம் இருக்கிறது.