ஊழியக்காரர் என்ற சொல்

போன ஞாயிறு எங்கள் சபையில் விசேஷ கூட்டம். ஆராதனை முடிந்ததும் வெளியூரிலிருந்து பிரசங்கிக்க வந்த ஊழியக்காரருக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் உள்ளறையில் மேசை போட்டார்கள். வெள்ளை விரிப்பு, பீங்கான் கோப்பை, கோழிக்கறி, வாவி இறால். எங்களுக்கு மண்டபத்தில் சோத்துப் பார்சல். விடியக்காலையே வந்து ஆலயத்தைக் கூட்டித் துடைத்த கிழவி, நாங்கள் 'பெத்தா' என்று கூப்பிடுகிறவ, மட்டும் வாசற்படியோரம் நின்றுகொண்டிருந்தா.

"சாப்பிடுங்க பெத்தா."

"அவங்க முடிக்கட்டும் மனே. ஊழியக்காரர்தானே."

அந்தச் சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஊழியக்காரர் என்றால் வேலைக்காரர். 'அரச ஊழியர்' என்று சொல்கிறோமே, அதே ஊழியம்தான். அன்றைக்கு அங்கே ஊழியம் செய்தது பெத்தா. பட்டம் உள்ளறையில் இருந்தது.

"ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தேன் என்று இயேசு சொன்னது மாற்கு 10:45இல் இருக்கிறது. கடைசி இராப்போஜனத்திலேயே, தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதப்பட்டதை லூக்கா எழுதுகிறார். அதே இரவில் இயேசு எழும்பி, சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்களுடைய கால்களைக் கழுவினார் என்கிறார் யோவான். புழுதித் தெருவில் செருப்போடு நடந்து வந்த கால்கள். வீட்டு அடிமை செய்கிற வேலை அது. யூதாஸ் அப்போது எழும்பிப் போயிருக்கவில்லை. அவனுடைய காலும் அந்தத் தண்ணீரில்தான் கழுவப்பட்டது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் ஆலய மண்டபத்தில் தங்கின. பெரும்பாலும் சைவ சமயச் சனம். இரண்டாம் நாளே மலசலகூடம் பாவிக்க முடியாத நிலை. யார் கழுவுவது என்று இளைஞர் நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டோம். விடிய நாலு மணியிருக்கும், வாளிச் சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். எங்கள் போதகர் ஐயா சாரனை மடித்துக் கட்டி, ஒரு கையில் விளக்குமாறும் மறுகையில் டோர்ச்சுமாக நிற்கிறார்.

"ஐயா விடுங்க, நாங்க செய்யிறம்."

"நீ போய் தேத்தண்ணிக்குத் தண்ணி வை. பிள்ளைகள் எழும்பப் போகுதுகள்."

ஒரு கிழமை இதுதான் நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து நாங்களும் வாளி தூக்கினோம், அவர் கேட்காமலே. அந்த ஞாயிறு திருவிருந்தில் அப்பத்தை என் கையில் வைத்தபோது அவருடைய விரலில் பிளீச்சிங் பவுடர் மணந்தது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்டில், சண்டை உச்சத்தில் இருந்தபோது வாழைச்சேனைக்குப் போனார். 15ஆம் திகதி, ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியில், கூட வந்த இளைஞனோடு காணாமல் போனார். இன்றுவரை இருவரும் திரும்பவில்லை. அவர் வெளியே போகாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊழியக்காரரை மதிப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. பெரியவரைக் கண்டால் எழும்பி நிற்பது நம்முடைய பண்பு, அது இருக்கட்டும். ஆனால் உள்ளறையில் மேசை போட்டது நாங்கள்தான். மாலை கட்டினது, காருக்குக் குடை பிடித்தது எல்லாம் நாங்கள்தான். வந்தவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருசம் இப்படிக் கவனித்தால் எந்த நல்ல மனுசனுக்கும் விளக்குமாறு எங்கே இருக்கிறதென்று மறந்துபோகும். சபைத் தேர்தல் வந்தால் செயலாளர் கதிரைக்கு நாலு பேர், ஆலயம் கூட்ட ஒரு கிழவி. இது எங்கள் எல்லாருக்கும் வெட்கம்.

வாற மாதம் அடுத்த கூட்டம். அந்த மேசையை மண்டபத்துக்கு எடுத்து வரச் சொல்லி சபைக் குழுவில் கேட்டிருக்கிறேன். பரிமாறுகிறவர்களில் என் பெயரையும் எழுதச் சொன்னேன். கூட்டுகிற முறையும் இனி வீட்டுக்கு வீடு மாறும், முதல் கிழமை எங்கள் வீடு. பெத்தாவிடம் சொன்னேன். "அப்ப நான் என்ன செய்யிற?" என்று கேட்டா.

"முதல் பந்தியில இருங்க பெத்தா."